மதிலுக்குள் ஒரு வீதி



கோட்டை என்றதும் நம் மனம் போரையே நினைக்கின்றது. ஆயின், காலிக் கோட்டையின் சேர்ச் வீதியில் நடந்தபோது எம் மனத்தில் எழுந்த வினா வேறு. ஒரு வீதி எதனால் வாழ்கின்றது? எதனால் தாழ்கின்றது?

காலித் துறை கோட்டையினும் பழையது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கல்வெட்டு 1911இல் அந்நகரிலே கிடைத்தது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் உள. புத்தருக்கும், தெவிநுவரையிற் கோயில்கொண்ட தெனவரை நாயினாருக்கும், அல்லாவுக்கும் ஒரே கல்லிற் காணிக்கை கூறப்பட்டுள்ளது. பல நாட்டார் கூடிய கரை இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1640இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றினர், பெருமதில்களை எழுப்பினர், வீதிகளை ஒழுங்குற வகுத்தனர். கடல்நீர் புகுந்து அழுக்கைக் கழுவிச் செல்லும் வடிகால்களை நிலத்தின் கீழ் அமைத்தனர். சேர்ச் வீதியில் இன்றும் நிற்கும் அவர்தம் பெரிய தேவாலயம் 1755இல் முற்றுப்பெற்றது. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. ஒல்லாந்தர் காலத்து மனையொன்று இவ்வீதியிற் பயணிகள் விடுதியாயிற்று. கப்பல்கள் கொணர்ந்த செய்திகளை, 1850களிற் புறாக்கள் கொழும்புப் பத்திரிகைக்குச் சுமந்து சென்றன. 1871இல் ஆங்கிலேயரின் தேவாலயமும் இங்கே திறக்கப்பட்டது.

இத்துணைச் சிறப்பையும் குலைத்தது பகைவர் பீரங்கியன்று. சுமார் 115 கிலோமீற்றருக்கு அப்பால் எழுந்த இன்னொரு கற்சுவரே. கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. காலித் துறையிலோ நீருள் மறைந்த பாறைகளும் பருவக்காற்றும் மாலுமிகளை என்றும் அச்சுறுத்தின. கப்பல்கள் கொழும்பை நாடின. வணிகமும் உடன் சென்றது. மதில் மட்டும் அசையாது நின்றது.

அம்மதிலே 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கோட்டைக்குள் இருந்தோரைக் காத்தது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கடைத்தெருவும் பாழாயின.

1988இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டைக்கு இன்று செல்வம் மீண்டுள்ளது. ஆயின், பரம்பரையாக மக்கள் வாழ்ந்த வீடுகள் பல விலைப்பட்டு விடுதிகளாகிவிட்டன. திண்ணையிலிருந்து கதை சொல்லும் முதியோர் இல்லாத வீதி, சுவர்கள் எத்துணை அழகாயிருப்பினும், பாதி வீதியே எனலாம்.

அன்பர்களே, மதில் கடலைத் தடுக்கும், குடிபெயர்வதைத் தடுக்காது. நம் ஒவ்வொருவரின் ஊரிலும் ஒரு பழைய வீதி உண்டு. அங்கு யார் வாழ்ந்தனர், என்ன தொழில் செய்தனர் என்பதை நம் பாட்டன் பாட்டியரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போம். நாளை கேட்பதற்கு அவர்கள் இல்லாது போகலாம்.