செருக்கைச் சுட்டும் ஓர் ஆங்கிலச் சொல்
(பொழிவின் எழுத்து வடிவம்)



தூயதமிழில் எழுத முனைவோர்மேல் ஆங்கிலம் படித்த சிலர் எளிதாக வீசும் அடைமொழி ஒன்றுண்டு. ‘அரகண்ட்’ என்பது அது. செருக்கர் என்னும் பொருளில் அதனை வீசுகின்றனர். அதன் வேரைத் தோண்டிப் பார்த்திருப்பின் அவர்தம் நா தயங்கியிருக்கும்.

அச்சொல் இலத்தீன் வழியது. அம்மொழியில் ‘ரோகாரே’ என்றால் கேட்டல். உரோமையர் தம் மக்கள் மன்றத்தில் ஒரு சட்டத்தை முன்வைத்து இசைவு கேட்டதும் அவ்வினையாலேயே குறிக்கப்பட்டது. சட்டத்தை நீக்குதலாகிய ‘அப்ரகேட்’, வினவுதலாகிய ‘இன்டராகேட்’ என்பனவும் அவ்வேரின் கிளைகளே. மன்றத்தில் எல்லார்க்கும் முன்னதாகக் கேட்கப்பெற்ற பிரிவின் பெயரே, இன்று தனியுரிமையைக் குறிக்கும் ‘பிரராகடிவ்’ ஆயிற்று. ‘அட்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘அர்ரோகாரே’ ஆனபோது, தனக்கென்று கேட்டுக்கொள்ளுதல் என்றும், தன்னதல்லாததைத் தன்னதென்று உரிமை கொண்டாடுதல் என்றும் பொருள் விரிந்தது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பாவலர் சாசர், கேன்டர்பரிக் கதைகளின் இறுதிப் பகுதியில் செருக்கின் கிளைகளை எண்ணிச் செல்கையில், தன்பால் இல்லாத நலன்களை உள்ளனவாக எண்ணுவோனையே இப்பெயரால் சுட்டுகின்றார்.

நம் ‘செருக்கு’ வேறு வழியில் நடப்பது. களிப்பு, மயக்கம் என்னும் பொருள்களும் அதற்குண்டு. பிறர் உரிமையில் எதைக் கவர்ந்தான் என்பதை அது கூறாது. கள்ளுண்டான்போல் அவன் என்ன ஆனான் என்பதையே கூறும். செருக்கு, தருக்கு, இறுமாப்பு, தற்பெருமை என இத்தனை இருக்க, ‘அகங்காரம்’ என்று வடமொழியில் கடன் வாங்குவோரை என்னென்பது!

பெருமிதமோ இவற்றோடு சேராதது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கனையும் அதற்கு நிலைக்களனாக்கும். நான்கும் ஒருவன் உண்மையில் உடையன. உள்ளதை உள்ளதென்பான் ‘அரகண்ட்’ ஆகான்.

ஆயினும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும். இறுமாப்பைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல் ‘ஆட்டி’ என்பதுபோல் ஒலிக்கும். செருக்குற்றவனை ‘ஆடுகிறான்’ என்று நம் நாட்டுப்புறத்தார் சொல்வதைக் கொண்டு, அச்சொல்லும் தமிழே எனச் சிலர் முழங்கக்கூடும். அது உயரம் எனப் பொருள்படும் ‘அல்துசு’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சில் திரிந்து ஆங்கிலம் புக்கது. அதன் நடுவே ஒலியின்றி நிற்கும் ஈரெழுத்துகளும் ஆங்கிலேயர் பின்னர்ச் செருகியவை. அதனைத் தமிழ்ச் சொல் என்று சாதிப்பான்மேல் முன்னைய அடைமொழி வேர்ப்பொருளோடு பொருந்தும்.