கதைப்பதும் பேசுவதும்
(நூற்றாண்டு விழாவில் முசலிப் பிரதேசப் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





எங்களைப் பேச அழைத்தீர்கள். ஊரில் இதைச் சொன்னதும், "அங்க யாருக்குப் பேசப் போறீங்க?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. "ரீச்சர் எனக்குப் பேசினவ" என்றால் ஏச்சு வாங்கியாயிற்று என்று பொருள். ஆகவே நாங்கள் இன்று கதைக்கவே வந்திருக்கிறோம்.

சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிப் பக்கமிருந்து விடுதிக்கு வந்த நாங்கள் முதலில் படித்த பாடமும் இதுதான். "தாத்தா கடிதம் போட்டிருக்கிறா" என்று எங்களில் ஒருத்தி சொல்ல, பக்கத்துக் கட்டில் தோழி விழித்தாள். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தோழிக்கு அது பாட்டனார். சிங்களத்திலோ தகப்பனார். அன்றிரவு விளக்கணைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

கடலோரப் பிள்ளைகளுக்குக் குளித்தலும் இரண்டு. ஒன்று கிணற்றடியில், மற்றது முத்துக்குளித்தல். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் 1906 இல் அரசாங்க உத்தியோகத்தராக மறிச்சுக்கட்டிக்கு வந்தது அந்தக் குளிப்பின் கடமைக்காகவே. "பார்" என்றால் ஆசிரியைக்குக் கரும்பலகை, எங்கள் முன்னோருக்குச் சிப்பி விளையும் கடற்படுகை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். "ஆர் யூ ஓல்ரைட்?" என்று கேட்டால் நம் முகம் வாடியிருக்கிறதோ என்று பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் அது வெறும் வணக்கம். விருந்தில் கிண்ணம் உயர்த்திச் சொல்லும் "சியர்ஸ்", கடையில் மிச்சக்காசு வாங்கும்போது நன்றியாகிவிடும்.

எல்லாச் சொல்லும் சிரிப்போடு முடிவதில்லை, சகோதரிகளே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியும் வெறுமையானது. எங்களில் பலர் புத்தளம் பக்கத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தோம். அங்கே "அகதி" என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து இருந்தது. நிவாரணப் பதிவில் அது அரிசியும் மாவும் தந்தது. வகுப்பறையில் "அந்த அகதிப் பிள்ளை" என்று விரல் நீட்டியபோது அதே சொல் எங்கள் பிள்ளைகளின் தலையைக் குனிய வைத்தது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. சொன்னவரின் குரல்தான் மாறியது.

2009 இல் போர் முடிந்த பின் "ஊருக்குப் போறோம்" என்று உம்மாமார் மகிழ்ச்சியோடு சாமான் கட்டினார்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறோமே என்று அழுதார்கள். இருவரும் சொன்னது ஊர்தான். எவரும் பொய் சொல்லவில்லை.

இந்தப் பாடசாலையில் தமிழ்ப்பாடத்தில் ஒரு கூற்றைத் தந்து, "யார், யாருக்கு, எப்போது கூறியது?" என்று கேட்பார்கள். மூன்று புள்ளிக்காக அன்று விடை எழுதினோம். அந்தக் கேள்வி வாழ்க்கைக்கும் உரியது என்பது பின்னர்தான் விளங்கியது. கோபிக்க முன் அதைக் கேட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை இல்லை. சொல்ல முன் கேட்டுப் பார்த்தால் மீதியும் இல்லை.

நூற்றாண்டு கண்ட நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். வேற்றூர்ப் பிள்ளையொருத்தி நாளை இந்த வாசலில் வந்து நின்று, நமக்குப் பழக்கமில்லாத ஒரு சொல்லைச் சொல்லக்கூடும். சிரித்துத் திருத்தாதீர்கள். "உங்கட வீட்டில இதுக்கு என்ன கருத்து, பிள்ள?" என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் அப்படிக் கேட்ட தோழியர் இன்றும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.