நம்ம பிள்ளையார் தோற்றுப் போனாரா?

(பெற்றோர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் என் கடைசிப் பையன் பள்ளி விட்டு வந்து சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "அப்பா, நம்ம பிள்ளையார சைத்தான் அடிச்சுக் கொன்னுட்டானாமே, உண்மையா?" என்று கேட்டான். கூடப் படிக்கும் பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, "உங்க சாமிக்கு பவரே இல்ல" என்று கேலி செய்திருக்கிறான்.

நான் லோரி ஓட்டுகிறவன். பெரிய படிப்பு இல்லை. ஆனால் அன்றிரவு அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். பிறகு அதுபோன்ற வேறு தொடர்களையும் பார்த்தேன். பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அது 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொடர். 2005 முதல் 2020 வரை ஓடியது. பேய் பிசாசுகளை வேட்டையாடும் இரண்டு சகோதரர்களின் கதை. 2010 ஏப்ரலில் வந்த ஒரு பகுதியில், காளி, பிள்ளையார், வட ஐரோப்பியர்களின் ஓடின், ரோமானியர்களின் மெர்குரி எல்லாரும் ஒரு ஹோட்டலில் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சமைத்து வைத்திருப்பது மனித மாமிசம். பிறகு பைபிளில் வரும் சைத்தான் லூசிபர் உள்ளே நுழைந்து ஒவ்வொருவராகக் கொல்கிறான். பிள்ளையாரும் சாகிறார். காளி மட்டும் தப்பித்துப் போகிறாள்.

நியாயமாகப் பேச வேண்டும். அந்தத் தொடர் கிறிஸ்துவக் கடவுளையும் விட்டு வைக்கவில்லை. 2020-இல் முடிந்த கடைசிப் பருவத்தில் அவரையே வில்லனாகக் காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வில்லனாக இருந்தாலும் அந்தக் கதையில் உலகத்தைப் படைத்தவர் அவர்தான். நம் சாமிகளோ மனிதனைத் தின்னும் பூதங்களின் பட்டியலில் வருகிறார்கள். ஒருவரைத் திட்டுவது வேறு, ஒருவரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது வேறு. என் மகனுக்கு வலித்தது இந்த இரண்டாவதுதான்.

"கற்பனைக் கதைதானே, இதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கிரேக்கர்களின் சியூஸையும் ஓடினையும் இன்று ஊர் ஊராகக் கோயில் கட்டிக் கும்பிடும் பெரிய கூட்டம் இல்லை. அவர்களை வைத்து எப்படிக் கதை கட்டினாலும் எந்தக் குழந்தையும் பள்ளியில் தலைகுனியப் போவதில்லை. ஆனால் பிள்ளையார் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறார், தெருமுனையில் இருக்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். உயிரோடு இருக்கும் நம்பிக்கையையும் ஏட்டில் மட்டும் இருக்கும் நம்பிக்கையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

இது புதிய கதையும் இல்லை. 1995 முதல் 2001 வரை ஓடிய 'சீனா' என்ற வீராங்கனைத் தொடர் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1999-இல் அதன் ஒரு பகுதியில் கிருஷ்ணரும் அனுமாரும் கதாபாத்திரங்களாக வந்தார்கள். கிருஷ்ணரைக் கேவலமாகக் காட்டவில்லை, அறிவுரை சொல்பவராகத்தான் காட்டினார்கள். இருந்தாலும், வழிபடும் கடவுளைக் கதைநாயகிக்குத் துணைப் பாத்திரமாக ஆக்கலாமா என்று அமெரிக்காவில் இந்துக்கள் கேட்டார்கள். அந்த நாட்டில் அவர்கள் மிகச் சிறிய கூட்டம். ஆனாலும் எழுதினார்கள், கூடிப் பேசினார்கள். நிறுவனம் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தது. பிறகு சில மாற்றங்கள் செய்து மறுபடி வெளியிட்டது. நிறுத்தியது தவறு என்று சொன்ன ரசிகர்களும் இருந்தார்கள். ஆக, இரு தரப்பும் பேசியது. நாற்காலியும் உடையவில்லை, யார் மண்டையும் உடையவில்லை. சிறுபான்மை என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதே மேற்கத்தியத் தொலைக்காட்சியில் நல்ல உதாரணமும் உண்டு. 2017-இல் தொடங்கிய 'அமெரிக்கன் காட்ஸ்' என்ற தொடரில் கரு என்ன தெரியுமா? நாடு விட்டு நாடு போகும் மனிதர்கள் தங்கள் சாமியையும் கூடவே கொண்டு போகிறார்கள். அடிமைக் கப்பலில் விலங்கோடு கிடக்கும் ஆப்பிரிக்கர்கள் முன்னால் அவர்களுடைய அனான்சி சாமி வந்து கோபத்தோடு பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தபோது என் பாட்டன் கப்பல் ஏறிய கதைதான் ஞாபகம் வந்தது. அவர்களும் ரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றார்கள், மாரியம்மா என்றார்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் 1873-இல் எழும்பியது. நம் சாமி நம்மோடு பட்ட பாட்டை யாராவது படமாக எடுத்தால் முதல் ஆளாக நான் பார்ப்பேன். கற்பனை என்பதாலேயே நான் எதிர்க்கவில்லை. யாருடைய கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சீனத் தொடரில் குரங்கு ராஜா வந்தால் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். நம் நாட்டில் சில சீனக் கோயில்களில் அவருக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் முன்னால் நம் பிள்ளை அதைக் கேலி செய்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நமக்கு வேண்டும் என்று கேட்கும் மரியாதையை நாம் முதலில் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் 2014-இல் 'நோவா' என்ற ஹாலிவுட் படத்துக்கு அனுமதி மறுத்தார்கள். நபி ஒருவரை நடிகர் உருவில் காட்டுவது இஸ்லாத்துக்கு ஒவ்வாது என்பது காரணம். அந்த உணர்வை நாம் மதிக்கிறோம். நமக்காகவும் ஒரு தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் மனம் புண்பட்டால் அதே காது நமக்கும் திறந்திருக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே மூன்று வேலைகள். முதலாவது, பிள்ளைகள் கைப்பேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிடுங்க வேண்டாம், பேசுங்கள். இரண்டாவது, மனம் புண்படும்படி ஏதாவது வந்தால் தொடரின் பெயர், ஒளியேறிய தேதி, நேரம், காட்சி எல்லாவற்றையும் எழுதி, பெயரைப் போட்டு, சம்பந்தப்பட்டவர்களுக்குப் புகார் அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம், வேறு மதத்தைத் திட்டவும் வேண்டாம். மூன்றாவது, நம் சாமிகளின் கதைகளை நாமே சொல்ல வேண்டும். வீட்டில் கதை தெரியாத பிள்ளைக்கு டிவி சொல்வதுதான் கதை.

என் மகனுக்கு அன்றிரவு என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, அது யாரோ ஒருத்தர் சம்பளத்துக்கு எழுதின கதை. நம்ம பிள்ளையார் கதை உன் பாட்டன் தோட்டத்துக்குக் கொண்டு வந்த கதை. கேக்குறியா?" என்று மாம்பழக் கதையிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டான்.