ஊராள உரிமை யாருக்கு?

(மதுரை கே.கே. நகரில் ஆற்றிய உரை)

மாநகராட்சிக் குழாயில் நீர் பிடித்து, மாநகராட்சி விளக்கொளியில் நடமாடும் கே.கே. நகர் மக்களிடம் வந்து, கிராம ஊராட்சியைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. ஆனால், இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து நிற்கிறது. அந்த வழியிற் போனால் மேலவளவு. மேற்கே திரும்பினால் உசிலம்பட்டிச் சீமை. ஊராட்சியின் கதையைச் சொல்ல இவ்விரண்டு திசைகளே போதும்.

ஊராட்சி என்ன செய்கிறது? குடிநீர் தருகிறது, தெருவிளக்கு ஏற்றுகிறது, சாலை, சாக்கடை, சுடுகாடு ஆகியவற்றைப் பராமரிக்கிறது. இவையெல்லாம் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சுமத்திய கடமைகள். சின்னஞ்சிறு வேலைகள்தாமே என்பீர்கள். குழாய் முதலில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும்? விளக்கு ஊர்த்தெருவோடு நின்றுவிட வேண்டுமா, காலனி வரை செல்ல வேண்டுமா? இதை முடிவு செய்பவன் எவனோ, அவனே அந்த ஊரை ஆள்பவன். ஆகையால்தான் அந்தச் சிறிய நாற்காலிக்காக இரத்தம் சிந்தப்பட்டது.

பழம்பெருமை பேசுவோர் உடனே உத்திரமேரூருக்கு ஓடுவர். பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை கண்டோமே என்பர். கண்டோம், மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டை முழுவதும் படியுங்கள். கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், மறைப் பயிற்சியும் உடையோர் பெயர்களே அந்தக் குடத்தில் விழுந்தன. உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை.

அந்தப் பெயர் ஏறுவதற்கு, 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகளை ஒதுக்க வேண்டும் என்றது சட்டம். 1996-இல் தேர்தல் வந்தது. மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு தந்தவர்கள் மிரட்டப்பட்டனர், குடிசைகள் எரிந்தன, தேர்தல் தடைப்பட்டது. அத்தனைக்கும் பிறகு அவ்வாண்டின் இறுதியில் முருகேசன் தலைவரானார். தலைவரானார் என்றா சொன்னேன்? ஊராட்சி அலுவலகத்துக்குள் அவர் நிம்மதியாக அமர முடியவில்லை. 1997 ஜூன் 30-ஆம் நாள், பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், சட்டம் தந்த நாற்காலியில் அமர விரும்பியது! 2001-இல் சேலம் நீதிமன்றம் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. 2019-இல் அவர்களிற் பதின்மூவர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டதும் நம் காலத்தில்தான்.

மேற்கே கதை வேறு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்றும் மதுரை மாவட்டத்து ஊராட்சிகள். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் இவற்றோடு நான்காவது. இங்கே கத்தியைவிடக் கட்டுப்பாடே ஆயுதமாயிற்று. வேட்புமனுவே வராது, வந்தாலும், வென்றவர் பதவியேற்ற கையோடு விலகுவார். பத்தாண்டுகள், தோழர்களே! 2006 அக்டோபரில்தான், அப்போதைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகச் சென்று பேசியதன் பின்னர், மதுரை மாவட்டத்து மூன்று ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்தது. நான்காவது ஊரிலும் நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழாவே எடுத்தார்கள்.

விழா முடிந்தது, வேலை முடிந்ததா? 2020-இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் தலைவி தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. இது கண்ணுக்குத் தெரிந்த இழிவு. தெரியாத இழிவு ஒன்று உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் ஒப்பமிட வேண்டும். கையாடலைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால், தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. துணைத்தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் போதும்: பழுதான மோட்டார் பழுதாகவே கிடக்கும், தூய்மைப் பணியாளர் கூலிக்கு அலைவார், பழி தலைவர் தலையில் விழும். “இவர்களுக்கு ஆளத் தெரியவில்லை” என்று பிறகு திண்ணையில் தீர்ப்புச் சொல்வார்கள்!

இன்னொன்று. தலைவரே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்றாண்டும் தனி அலுவலர் ஆட்சி. 2025 சனவரியில் மீண்டும் இருபத்தெட்டு மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அதிகாரி நல்லவராயிருக்கலாம். ஆனால் விளக்கு எரியாத தெருக்காரன் அவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

உங்களிற் பலருக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கமோ, திருமங்கலமோ, உசிலம்பட்டியோதான். பொங்கலுக்குப் போகிறீர்கள், கறிவிருந்துக்குப் போகிறீர்கள். குடியரசு நாளிலும், மே முதல் நாளிலும், ஆகஸ்டு 15-லும், அக்டோபர் 2-லும் அங்கே கிராமசபை கூடுகிறது. உங்கள் பெயர் மாநகர வாக்காளர் பட்டியலில் இருப்பதால் அங்கே வாக்களிக்க முடியாது. ஊரிலிருக்கும் உங்கள் அண்ணனுக்கு முடியும். அவரைப் போகச் சொல்லுங்கள். வரவுசெலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். காலனிக் குழாயில் எத்தனை நாளைக்கொரு முறை நீர் வருகிறது என்று கேட்கட்டும். தலைவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதையும், நாற்காலியிலா, ஓரத்திலா என்று, பார்த்து வந்து உங்களிடம் சொல்லட்டும்.