ரெய்னி ஆஸ்பத்திரியும் காசிமேட்டுக் கூடையும்



ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘எங்கே பொறந்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பலர் ‘ஆரெஸ்ஸாரெம்’ என்பார்கள். அது அரசு பிரசவ ஆஸ்பத்திரி. சிலர் ‘ரெய்னி’ என்பார்கள்.

ரெய்னியின் கதை 1888-இல் தொடங்குகிறது. மட்டில்டா மக்ஃபெயில் என்ற ஸ்காட்லாந்து மிஷன் டாக்டரம்மா அந்த ஆண்டு மதராசுக்கு வந்தார். ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கப் பல வீடுகளில் சம்மதிக்காத காலம் அது. அவர் தன் வீட்டிலேயே பெண்களுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார். 1914-இல் ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரி திறந்தது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆஸ்பத்திரி.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்பீர்கள். ஆமாம், மிஷன் அதை மறைக்கவில்லை. ஆனாலும் இடுப்புவலியோடு வருகிறவளுக்கு, எந்த வேதம் என்று கேட்காமல் கட்டில் கொடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி. கிறிஸ்தவத் தொண்டு தேறுவதும் தோற்பதும் அங்கேதான்.

அப்படி ஒரு தொண்டு லூக்கா நற்செய்தியிலேயே இருக்கிறது. கர்ப்பிணியான மரியாள், வயதான காலத்தில் கருவுற்ற எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்குப் போகிறாள். ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறாள். மரியாளின் பாடலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று மாதத்தைப் பற்றி? சும்மாவா உட்கார்ந்திருப்பாள்!

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்ட கூடையை இடுப்பில் ஏற்றும் நிறைமாதக்காரிக்கு அப்படி ஒரு துணை உண்டா? மகப்பேறு சட்டத்தை 2017-இல் திருத்தியபோது முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆனது. அது சம்பளக்காரிக்கு. தானே கூடை தூக்குகிறவளுக்கு முதலாளி யார், விடுப்பு யார் தருவார்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பிள்ளை காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான்.

எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் மேலாளராக இருக்கும் விசுவாசிகளே, உங்கள் கம்பெனியில் அந்தக் காப்பகம் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடம் கொடுங்கள். சபைக் கமிட்டியாரே, அன்னையர் தின விழாச் செலவில் ஒரு பங்கை, கூடையை இறக்கி வைத்த தாய்க்கு மூன்று மாத அரிசி பருப்பாகக் கொடுங்கள்.