கொல்லைப்புறமே கைகொடுக்கும்!

(தலைப்பு: வீட்டுச் சமையலுக்குப் பெரிதும் கைகொடுப்பது கடைத்தெருவா? கொல்லைப்புறமா?)



எதிரணித் தம்பி கேட்டார், "கடைத்தெருவுல பன்னிரண்டு மாசமும் எல்லாக் காயும் கிடைக்குது, கொல்லையில என்ன இருக்கு?" என்று. தம்பி, நீங்க கடைசியா கொல்லைப்பக்கம் போனது எப்போ? (சிரிப்பு)

எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்பதுதானய்யா குறையே! ஆடியிலே ஊன்றிய அவரை மார்கழிப் பனியிலே பூத்துக் காய்க்கும். தைப் பொங்கலன்று பறங்கி, மொச்சை, கருணை, சர்க்கரைவள்ளி எல்லாம் ஒரே சட்டியிலே கூடும். காத்திருந்த நாக்குக்குத்தான் அந்தக் குழம்பின் அருமை தெரியும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரிலே, தென்பெண்ணை ஆற்றிலே கபிலர் குன்று நிற்கிறது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது அந்தக் கபிலர் என்ன சொன்னார்? புறநானூறு 109-ஆம் பாடலைப் பாருங்கள். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழாமலே நான்கு பொருள் விளைகிற மலை இது, உங்கள் படையால் இதைக் கொள்ள முடியாது என்றார். மூன்று பேரரசர்களை மறித்து நின்றது ஒரு வள்ளிக்கிழங்கு! (கைதட்டல்)

சில வருஷத்துக்கு முன்னால மாணவிகளோடு கல்வராயன் மலைக்கு முகாம் போயிருந்தேன். வெள்ளிமலைப் பக்கம் ஒரு மலையாளிப் பாட்டி மழைக்குப் பின் முளைத்த இலைகளை மடியிலே பறித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை. "பாட்டி, இதுல எது கீரை, எது களை?" என்றாள் ஒரு மாணவி. பாட்டி சொன்னார், "தெரிஞ்சவளுக்குக் கீரை, தெரியாதவளுக்குக் களை." ஐயா, நான் முனைவர் பட்டம் வாங்கியவள். அந்த மடியிலே இருந்ததில் பாதி எனக்கும் களைதான்!

சிறுபாணாற்றுப்படையிலே ஒரு கிணைமகள். குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். ஊரார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவுக்குள்ளே சுற்றம் முழுவதும் கூடி உண்கிறது.

இதை வகுப்பிலே நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். என் அம்மாவும் விடியுமுன்னே வரப்புக்குப் போய்க் கீரை கிள்ளி வருவாள். மண்சட்டியிலே சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து, மத்தால கடைஞ்சு, வடகம் தாளிச்சு, கேழ்வரகுக் களிக்கு நடுவுல குழி பறிச்சு ஊத்துவா. "யாராச்சும் கேட்டா, சோறு குழம்புன்னு சொல்லும்மா" என்பாள். நானும் பள்ளிக்கூடத்திலே தூக்குச்சட்டியை மூடி மூடித்தான் சாப்பிட்டேன். அந்த வெட்கத்திலே அவளிடம் ஒரு கீரையின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா போன பிறகு அந்த வரப்புக்குப் போனேன். களைக்கொல்லி அடித்து வரப்பு கருகிக் கிடந்தது. கருகாத ஓரத்திலே நாலு செடி நின்றது. எது கீரை என்று எனக்குத் தெரியவில்லை நடுவர் அவர்களே! தெரியாததைப் பறித்துத் தின்னவும் கூடாது. சொல்லித் தரவேண்டியவள் இல்லை. கடைத்தெருவிலே இதை எந்தத் தராசிலே நிறுத்து வாங்குவது?

"அப்போ பொம்பளைங்க காலம் பூரா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே இருக்கணுமா?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டு ஆம்பளைங்களும் உட்கார்ந்து ஆயட்டும்! முறத்துக்கு ஆண், பெண் தெரியாது. (பலத்த கைதட்டல்)

தாய்மாரே! கொல்லை இல்லையென்றால் ஒரு தொட்டியிலாவது மணத்தக்காளி வையுங்கள். வேலியிலே முடக்கத்தான் ஏற்றுங்கள். ஊரிலே உங்கள் பாட்டி இருந்தால், அடுத்த மழைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்புக்குப் போய்ப் பெயர் கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் விட்டதை உங்கள் பிள்ளையாவது கேட்கட்டும்.

பணம் இருக்கிற வரைக்கும் கடைத்தெரு கைகொடுக்கும். பணம் இல்லாத நாளிலும் கைகொடுப்பது கொல்லைப்புறமே, கொல்லைப்புறமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.