கழிவு நீரைக் கழனி நீராக்கும் ஏரிகள்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



சாக்கடை கலந்த குளம் கெட்டுப்போவது யாவரும் கண்ட உண்மை. ஆயினும், முறையறிந்து நடத்தினால் ஆழமற்ற நீர்நிலையே அழுக்கை மாற்றி மீனும் நெல்லும் ஆக்கித் தரும் என்பதற்குக் கல்கத்தா நகரின் கிழக்கேயுள்ள ஏரிகள் சாட்சியாம்.

பண்டு அந்நகரின் கழிவு நீர் வித்யாதரி நதியில் விழுந்தது. வண்டல் படிந்து அந்நதி தூர்ந்துபோகவே, 1930-ஆம் வருஷத்தை ஒட்டி, அங்குள்ளோர் கழிவு நீரை உவர் ஏரிகளிற் பாய்ச்சி மீன் வளர்க்கத் தலைப்பட்டனர்.

அவர்கள் முறை பின்வருமாறு: பனிக்காலத்தில் குளத்தை வற்றவிட்டுக் காயப்போட்டு, சேற்றை வாரிச் சுண்ணாம்பு இடுவர். பின்னர்க் கழிவு நீரை விட்டுச் சில நாட்கள் பொறுத்திருப்பர். கண்ணுக்குத் தோன்றாத கிருமிகள் அழுக்கைச் சிதைக்கும். வெயிலில் செழிக்கும் நுண்பாசிகள் அவற்றிற்கு வேண்டிய பிராணவாயுவை அளிக்கும். நீர் பச்சை நிறம் பெற்ற பின்னரே மீன்குஞ்சுகளை விடுவர். அவை பாசியைத் தின்று வளரும். அதன் பிறகும் கழிவு நீரை அளவாகவே சேர்ப்பர். மிகுந்தால் பிராணவாயு குன்றி மீன் மாளும். கரையோரத்து ஆகாயத்தாமரை அலையினின்று கரையைக் காக்கும். குளத்தை விட்டு வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாயும். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் அங்கே இரை கொள்ளும்.

இம்முறையின் அருமையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் இஞ்சினீயர். நகரம் பெருகவே, குளங்களைத் தூர்த்து மனையாக்கும் பேராசையும் பெருகிற்று. 1992-ல் ஹைக்கோர்ட்டு அதற்குத் தடை விதித்தது. 2002-ல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் சாசனப்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்றது. 2006-ல் தனிச் சட்டமும் பிறந்தது. அப்படியிருந்தும் ஆக்கிரமிப்பு அடியோடு ஒழியவில்லை. தூர்த்த குளம் ஒவ்வொன்றும் மீனவர் பிழைப்பையும் நகரத்தின் நீர்ச்சுத்தியையும் ஒருங்கே குறைக்கின்றது.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். தோல் பதனிடும் சாலைகளின் குரோமியம் முதலிய உலோக நஞ்சைக் கிருமிகள் சிதைக்கமாட்டா. அது சேற்றிலே தங்கும். ஆகையால் ஆலைக் கழிவை இத்தகைய குளத்தில் விடலாகாது. இவ்வாறு தெளிந்த நீர் பயிருக்கு ஆகுமேயன்றிக் குடிப்பதற்கு ஆகாது.

அவ்வேரிகளிற் சிலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. மடையைத் திறப்பதும் சேற்றை வாருவதும் கரையைக் காப்பதும் தனி ஒருவரால் ஆகாத காரியங்கள். பலர் கூடிச் செய்யத்தக்கவை. ஊர்ப் புறம்போக்கிலுள்ள தாழ்ந்த சதுப்பைப் பாழ்நிலமென்று தூர்க்கத் தீர்மானிக்குமுன், அது ஊருக்குச் செய்துவரும் ஊழியத்தைச் சங்கங்கள் கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.